நேராக ஏறிய கோடு

அன்புத் தங்கைக்கு,

பேரன் மெல்லத் தேறி வருகிறான். நேற்று ஒரு முட்டையை முழுதாகச் சாப்பிட்டான்.

போன வாரம் வீட்டுக்கு வந்த நர்ஸ் அவன் கையில் அளவு நாடாவைச் சுற்றினாள். மிகவும் மெலிந்த குழந்தைக்கான சிவப்பில் நின்றது. "இது ஒரு நாள்ல ஆனதில்ல சார். மாசாமாசம் எடை பார்க்கலையா?" என்றாள். உன் அங்கன்வாடியில் நீ எழுதித் தந்த எடை அட்டையை நீட்டினேன். எடைக்கோடு மாதம் தவறாமல் ஏறியிருந்தது.

காப்பியடித்த விடைத்தாளை முதல் பக்கத்திலேயே கண்டுபிடிப்பவன் நான். பேரன் காய்ச்சலில் கிடந்த மாதத்தில்கூட இறங்காத அந்தக் கோட்டை, உன் கையெழுத்து என்பதால் நம்பினேன். "ஒல்லி உடம்புண்ணே, அப்பன் வாகு" என்று நீ சிரித்ததையும் நம்பினேன். கஞ்சித் தண்ணீரும் பிஸ்கட்டும் போதும் என்று இருந்துவிட்டோம்.

"எடை மெஷின் ரிப்பேர்ணே. அட்டையைக் காலியா விட்டா மேல திட்டுவாங்க" என்று போனில் சொன்னாய். மெஷின் கெட்ட அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் மளிகைக் கடைத் தராசிலாவது அவனை உட்கார வைத்திருப்பேன்.

உன் அலமாரியில் மற்றக் குழந்தைகளின் அட்டைகள் இன்னும் நாற்பது இருக்கின்றன. நர்ஸிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வேறு மெஷின் கொண்டுவந்து எல்லாக் குழந்தைகளுக்கும் மறுபடி எடை பார்க்கிறார்கள். உன் வேலை போனாலும் போகலாம். ஆனாலும் நீ வா. பிள்ளைகளை நீயே தூக்கி மெஷினில் வை. உன் கையில்தான் அவர்கள் அழமாட்டார்கள்.

உன் அண்ணன்