மின்னலின் இடது கால்

மார்ச் 4, செவ்வாய்

உறுதியாகிவிட்டது! மூன்று வருஷமாகப் படமே இல்லாமல் கிடந்த என் மின்னலுக்கு நடனப் படம், அதுவும் கதாநாயகியாக. இயக்குநரே பேட்டியில் சொல்லிவிட்டார். மின்னல் என்பது அவள் ஆட்டத்தின் வேகத்துக்கு ரசிகர்கள் நாங்கள் வைத்த பெயர். கடையில் ஒரு அம்மாவுக்குச் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. சந்தோஷத்தில் இரண்டு காலுக்கும் வலது கால் செருப்பையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும்.

"அவ என்ன உன் கூடப் பொறந்தவளா?" என்கிறாள் அண்ணி. அம்மா இறந்த வருஷம் மின்னல் ஆடிய பாட்டைப் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கியது. கூடப் பிறந்த அண்ணன் அப்போது சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு மின்னல் வந்திருக்கிறாள். காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீள அங்கிக்கு அடியில் தட்டைச் செருப்பு. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலதைப் பக்கத்தில் கொண்டுவந்து, பிறகுதான் அடுத்த படி. ஒரு கை உதவியாளர் தோளில். முகத்தில் மட்டும் அதே சிரிப்பு.

நாள் முழுக்க ஊரார் காலைப் பிடித்துப் பிழைக்கிறவள், எனக்கா தெரியாது? இடது கணுக்கால் போயிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எப்படி ஆடப்போகிறாள்?

மார்ச் 10

மனசு கேட்கவில்லை. நான் நடத்தும் ரசிகர் பக்கத்தில் எழுதிவிட்டேன். நம் மின்னல் கால் வலியை மறைத்துக்கொண்டு நமக்காகச் சிரிக்கிறாள், எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று. புரியாதவர்களுக்காகப் படத்தில் கணுக்காலைச் சிவப்பு வட்டம் போட்டும் காட்டினேன்.

மார்ச் 12

எத்தனை பேர் வேண்டிக்கொள்கிறார்கள்! ஒருத்தி அழுதுகொண்டே பேசி அனுப்பியிருக்கிறாள். நான் தனியாக இல்லை.

மார்ச் 14

சினிமாச் செய்திச் சேனலில் என் படம். என் சிவப்பு வட்டம். கீழே கொட்டை எழுத்தில், "நடக்கவே முடியாதவர் ஆடுவாரா?"

நான் அப்படியா எழுதினேன்? அப்படியா எழுதினேன்?

பக்கத்திலிருந்து உடனே எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன், ஊரெல்லாம் ஓடிவிட்டது.

மார்ச் 19, புதன்

வேறு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர் சொல்கிறார், "கால் சரியில்லைன்னு அவங்க ரசிகர்களே சொல்றாங்க. நான் எதை நம்பிப் படம் எடுக்கிறது?"

மார்ச் 20

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்?

மார்ச் 27, வியாழன்

இன்று தொலைக்காட்சியில் அவள் பேட்டி. கால் நன்றாக இருக்கிறது, யாரோ கிளப்பிய வதந்தி என்று சிரித்தாள். எழுதியவர் மேல் கோபமா என்று கேட்டார்கள்.

"பாசத்துலதான் எழுதியிருப்பாங்க, தெரியும். ஆனா எனக்கு அந்த ஒரு படந்தான் இருந்துச்சு."

அடிப்பாவி, திட்டியிருக்கலாமே. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அண்ணி உள்ளே வந்து சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். தட்டு அப்படியே கிடக்கிறது. மின்னல் பாட்டைப் போடவும் எனக்கு இனிமேல் முகமில்லை.

ஏப்ரல் 2

பக்கத்தை மூடிவிட்டேன். கடையில் ஒரு பெண் அடையாளம் தெரியாமல் என்னிடமே சொன்னாள், அந்த ரசிகை எதிரிகளிடம் காசு வாங்கியிருப்பாளாம். இருக்கும் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

விருது விழா நேரலை. அண்ணிதான் கூப்பிட்டாள். வேறு யாருக்கோ விருது கொடுக்க வந்திருக்கிறாள் மின்னல். கேமராக்கள் எல்லாம் அவள் காலைத்தான் காட்டின. குதிகால் உயர்ந்த, ஊசி மாதிரி செருப்பு. யார் தோளையும் பிடிக்கவில்லை. மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். நின்று, போட்டோக்காரர்களுக்காகத் திரும்பி, மறுபடியும் நடந்து காட்டினாள். உதட்டுக்கு மேலே வியர்வை.

"நல்லாத்தானே நடக்குறா?" என்றாள் அண்ணி. "நீ ஏன்டி அப்படி எழுதின?"

"தப்பாப் பாத்துட்டேன் அண்ணி."

விருது வாங்கியவர் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், முடிக்கவே இல்லை. மின்னலுக்குப் பின்னால் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் சிரித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

உட்காரேன்டி.