அவர் சொன்னது உனக்குப் புரியவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். உன் நலத்தைக் கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது, கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று போனை வைத்துவிடுவாய்.

நீ சொன்னதையெல்லாம் உன் தங்கை எங்களிடம் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. அந்த நாட்டு மொழிக்கான பேச்சுத் தேர்வில் நீ மூன்றாம் முறையும் தவறியதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டாள், நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துப் பெரியவர் விஷயம்தான் அவளை உட்கார வைத்துவிட்டது. நீ குளிப்பாட்டும்போது அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம், தண்ணீர் சுடுகிறது போல என்று நீ குழாயைத் திருகிப் பச்சைத் தண்ணீரைக் கலந்தாயாம், நெஞ்சை அடைக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார் என்பது சாயங்காலம் அவர் உயிர் போன பிறகுதான் உனக்குத் தெரிந்ததாம். விசாரித்தவர்கள் உன்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தும் நீ யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பதினோரு வருஷம் இதய வார்டில் நின்றவள் நீ, நோயாளி வாயைத் திறக்கும் முன்பே முகத்தைப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டவள். அங்கே முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறாய். குறை சொல்லவில்லை பாப்பா, இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டுக்குப் போ போ என்று தள்ளியவன் நான். ஆறு மாசத்தில் மொழி வந்துவிடும், நீ படிக்காத படிப்பா, தேர்வில் தேறினால் அங்கேயும் நர்ஸ் வேலையே கிடைத்துவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரிப் பேசினேன். முப்பத்தெட்டு வயசில் நாக்கை வளைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு என்ன தெரியும், இந்த ஒரு மொழியைத் தவிர வேறெதிலும் வழி கேட்கக்கூட எனக்கு வராது.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். செவ்வாய்க்கிழமை உன் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைமை நர்ஸம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்து, "அவ இருந்தா எங்களுக்குப் பாதி பாரம் குறையும் சார்" என்று கண் கலங்கினார். ஆனால் உன் இடத்தில் ஆள் போட்டு ஒரு வருஷமாகிறது, இனி புதிதாக எடுத்தாலும் முப்பத்தைந்து வயசுக்குள்தானாம். வீட்டுக்கு வந்து சொன்னதும், "உங்களை யாரு போகச் சொன்னா, அவளுக்குத் தெரிஞ்சா இன்னும் உடைஞ்சு போயிடுவா" என்று அம்மா சண்டை பிடித்தாள். மறைக்க முடியவில்லை, எழுதிவிட்டேன். வா என்று எழுத வழியில்லை, இரு என்று எழுதக் கை வரவில்லை. அப்பா ஏதாவது சொல்வார் என்று இந்தக் கடிதத்தைப் பிரித்திருந்தால், என்னிடம் ஒன்றும் இல்லை பாப்பா.

உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று எப்போதும் போல வேண்டிக்கொள்கிறேன், கேட்கிறவர் காதில் விழட்டும். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்க இருபதாம் தேதி கடைசி நாளாம். எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். அம்மாவை இரண்டு வரி எழுதச் சொன்னேன், "முதல்ல அவ ஒரு வாய் சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா