ஓடைக்கரையில் சுண்ணாம்பு வட்டங்கள்

செஞ்சி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஷோபனாவுக்கு நைனா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். உன் இருமல் விட்டதா? போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

உங்கள் பல்கலைக்கழகப் பசுமை வாரத்துக்காக, மாணவர்கள் மரக்கன்று நடப்போகும் இடத்தைப் பார்த்துவரச் சொல்லியிருந்தாய். பார்த்தேன். வல்லம் சாலையோரம் பஸ் நிறுத்தலாம். தண்ணீர் கேன்களுக்குச் சொல்லி வைக்கிறேன். நிழல் கிடையாது, பிள்ளைகள் தொப்பியோடு வரட்டும். உன் மாணவர் இனியன் முன்னதாகவே வந்து, ஓடையின் இரு கரையிலும் குழி எடுக்க வேண்டிய இடங்களில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கயிறு பிடித்தது போல் ஒழுங்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே சின்னப்பொண்ணு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர். என்னைப் பார்த்ததும், "இன்னா சார், ஊரெல்லாம் வாசல்ல கோலம் போடுவாங்க, உங்க பொண்ணு அனுப்புன ஆளுங்க பிள்ளைங்கள பொதைக்கற எடத்துல போட்டுட்டுப் போயிருக்காங்க?" என்றார். "மரம் வைக்கறது நல்லதுதான். கடப்பாறைய போட்டா எம்புள்ள முழிச்சிக்காதா?" என்றார். மகளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். "கடுதாசியா? அது போய்ச் சேர்றதுக்குள்ள கன்னு மரமாயி காய்ச்சிடும் சார்" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

கிராமக் கணக்கில் அது தரிசு. இனியன் மேல் தவறில்லை. கைக்குழந்தைகளை இங்கே எரிப்பதில்லை, புதைப்பார்கள். கல் வைப்பதில்லை. அந்தக் கரை அவர்கள் தெருவுக்கு, இந்தக் கரை நம் தெருவுக்கு. சுண்ணாம்புதான் இரண்டையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறது.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள், ஷோபனா. பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள். அந்தப் பேச்சே வேண்டாம் என்று அம்மா சொன்னதால் உன்னிடம் சொல்லவில்லை. பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. நான்தான் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். மண்ணை மூடியபின் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பார்கள். அப்படியே வந்துவிட்டேன். இடம் எது என்று எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் போய் நின்று பார்த்தேன். எதைக் காட்டியும் இது இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த மண்ணில் இன்று என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அங்கே போய் வந்த நாளிலிருந்து, குக்கர் சத்தம் அடங்கியதும் வீட்டில் ஏதோ மெல்ல அழுகிறது. பூனை என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். பூனை இல்லை. திரும்பி வந்தபோது அம்மாவும் தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வயதானவர்களின் காது என்றே வைத்துக்கொள்.

நேற்று அம்மா, "எந்தப் பக்கம் நடறாங்க?" என்று கேட்டாள். வல்லம் பக்கம் என்றேன். சப்பாத்தி தேய்த்த கை நின்றுவிட்டது. "எனக்கும் ஒரு கன்னு தரச் சொல்லுங்க. நானும் வரேன்" என்றாள். அவள் வந்தால் இடத்தைக் காட்டச் சொல்வாள். நான் எதைக் காட்டுவேன்?

அனந்தபுரம் சாலையில் ஏரிக்கரை வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே நட்டால் கரையும் பலப்படும். அலுவலகத்தில் காரணம் கேட்டால், ஓடையில் வெள்ளம் வந்தால் கன்று நிற்காது என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னதாகச் சொல். என் பெயரையே போட்டுக்கொள். இத்தனை ஏற்பாடு செய்தபின் சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, ஷோபனா. கடப்பாறை மட்டும் ஓடைக்கரையில் இறங்க வேண்டாம்.

உன்னோடு வரும் பிள்ளைகள் ஒருவர் குறையாமல் அவரவர் தாயிடம் போய்ச் சேரட்டும். நீயும் வந்து சேர்.

உன் அன்புள்ள நைனா,
ரங்கநாதன்