வளவும் அதிலுள்ளவையும்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்தே மழை, காற்று. கடை வாசல் பலகையை உள்ளே இழுத்து வைத்தேன். முருங்கைக்காய் வரவில்லை. மரக்கறி அனுப்புகிற கோப்பன்ஹேகன்காரன் "நாளைக்கு அண்ணை" என்கிறான். அவனுடைய நாளை எனக்குத் தெரியும்.

செய்ய:
குளிரறை திருத்துகிறவனுக்கு போன்.
கருவேப்பிலை பிரித்துக் கட்ட.
மனிசி ரீட்டாவுக்குக் கண் டொக்டர், வெள்ளி பத்து மணி.

மத்தியானம் ஓகுஸ் பட்டணத்திலிருந்து மகள் நிரோ போன் எடுத்தாள். டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று கதைக்கிறாள், காற்றுச் சத்தம்.

"அப்பா, நானும் டெனிஸும் கலியாணம் செய்யப்போறம்."

"ஆர் டெனிஸ்?" தெரியும். தெரியாத மாதிரிக் கேட்டேன்.

"விபோர்க் டெனிஸ் அப்பா! குறட்டை மாமான்ர மகன்."

சிரிக்கிறாள். ரீட்டா போனைப் பறித்து, அழுது, மாதாவுக்கு நன்றி சொல்லி, திரும்ப என்னிடம் தந்தாள். "விசாரிப்பம்" என்றேன். பிள்ளை உடனே தமிழை விட்டு டெனிஷ் பாஷைக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அப்படித்தான். விசாரிக்க என்ன கிடக்கு, வேதமும் ஒன்று, ஊரும் ஒன்று, அவனை எனக்கு ஆறு வருசமாகத் தெரியும் என்றாள்.

போனை வைத்துவிட்டு வெங்காய மூட்டைகளை இடம் மாற்றி அடுக்கினேன். மாற்ற ஒரு தேவையும் இல்லை.

பெப்ரவரி 5, வியாழன்

மழை விட்டது. குளிரறை சரி.

பென்ட் வந்தார். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார வாத்தியார், கிழமைக்கு ஒருக்கால் செத்தல் மிளகாய் வாங்குவார், அரை மணி நேரம் கதைப்பார். இப்போது வம்சம் தேடுகிறாராம். தாய்வழிக் கிளை ஒன்று அமெரிக்காவுக்குப் போனது, அது இங்கிலாந்துக்காரன் கையில் இருந்த காலத்தில். புகையிலைக் காணி. கிளையைப் பிடிக்கிறது எப்படி என்று கேட்டேன். மரணசாசனமும் காணிப் பதிவும்தான் என்றார். சொந்தக்காரர் சொல்லும் கதையை ஒருநாளும் நம்பாதே, யார் யாருக்கு என்ன எழுதி வைத்தான் என்று பார், குடும்பம் தானாக எழும்பி நிற்கும் என்றார்.

அவர் போனதும் எனக்கு ஒரு யோசனை. எழுதத்தான் வேண்டும், இது யாரும் பார்க்காத கொப்பி.

டெனிஸின் தகப்பன் மரியதாஸ் எங்கட ஆள் இல்லை. அது எனக்கு முப்பத்தைந்து வருசத்துக்கு மேலாகத் தெரியும். ஆனால் அதை நான் வாயால் சொன்னால், நான் சாதி பார்க்கிறவன். மகள் முகத்தில் விழிக்க முடியாது. கடதாசி சொன்னால் அது கடதாசியின் கதை. பழைய காணி உறுதிகளில் பேருக்கு முன்னால் சாதியையும் எழுதியிருப்பார்கள். அதை எடுத்து ரீட்டாவுக்கு மட்டும் காட்டுவது. மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

சித்தப்பாவின் மகன் சூசை யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கர். போன் எடுத்தேன். மரியதாஸ் குடும்பத்தின் காணி, எவ்வளவு பின்னுக்குப் போகலாமோ அவ்வளவு பின்னுக்கு.

"என்னத்துக்கு அண்ணை?"

"விசயம் இருக்கு. நீ எடு."

ரீட்டா என்னத்துக்கு என்று கேட்டாள். எங்கட வம்சம் தேடுகிறேன், பென்ட் மாதிரி, என்றேன். நல்ல காரியம் என்றாள்.

பெப்ரவரி 8, ஞாயிறு

பூசை. குளிர். முடிய மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்சும்.

கதை பரவிவிட்டது. அந்தோனி மாஸ்டர் தூரத்திலிருந்தே, "என்ன முதலாளி, குறட்டையோட சம்பந்தமாம்! பொம்பிளை வீட்டில இனி நித்திரை இல்லை!" என்று. எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அந்தப் பட்டம் நான் வைத்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் யூலாந்துப் பக்கம் ஒரு அகதி முகாம். அறைக்கு இரண்டு பேர், எனக்கு விழுந்தவன் மரியதாஸ், சுருக்கமாய் ம.தாஸ். என்னை விட இரண்டு வயது இளமை. நல்லாய்ச் சமைப்பான். டின் மீனில் ஒரு குழம்பு வைப்பான், மூன்று மாசம் அந்தக் கையால் சாப்பிட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்ததும் அவன். பிறகு ஊர்க்காரர் ஒருவர் வந்து காதுக்குள் சொன்னார், அவன் இன்னார் என்று. அடுத்த நாளே மனேஜரிடம் போய் அறை மாற்றினேன். காரணம் என்ன என்று அந்த மனேஜர் மனிசி கேட்டாள். எனக்கு அப்போது தெரிந்த டெனிஷ் கொஞ்சம். மூக்கைக் காட்டிச் சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். முகாம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து குறட்டை மரியதாஸ்.

அவன் குறட்டை விட்டதே இல்லை.

அவனுக்கு விளங்கியிருக்குமா? விளங்காமல் இருக்குமா? பெட்டியைத் தூக்கி வெளியே வைத்து உதவி செய்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

முருங்கைக்காய் வந்தது, பாதி முத்தல். திருப்பி அனுப்பினேன்.

பென்ட் மிளகாய் வாங்காமல் நின்றார். முகம் சரியில்லை. ஒரு மரணசாசனம் கிடைத்ததாம். மடித்து வைத்திருந்ததை விரித்து வாசித்தார். ஒரு கட்டில், இரண்டு பசு, ஆற்றங்கரைக் காணி, ஹன்னா என்கிற அடிமைப் பெண், அவளிலிருந்து இனிப் பெருகுவதும். பெருகுவது என்றால் பிள்ளைகள் என்று விளக்கினார், எனக்கு விளங்காது என்று நினைத்து. மகளுக்கு எழுதி வைத்திருக்கிறான். "என் அம்மாவின் ஆக்கள்," என்றார். கண் கலங்கிவிட்டது.

பழைய கதை, விடுங்கோ என்றேன். மனதுக்குள் நினைத்தது வேறு: வெள்ளைக்காரன் புத்தி. எங்களிடம் இப்படி இல்லை.

பெப்ரவரி 12, வியாழன்

வெயில். பனி உருகி வாசல் முழுக்கச் சேறு.

பத்து மணிபோல சூசையின் படங்கள், ஏழு. பின்னறையில் மீன் பெட்டிக்கு மேல் இருந்து பார்த்தேன்.

முதல் படம்: ம.தாஸின் தகப்பன் வாங்கிய உறுதி. அந்தக் காணியில் தலைமுறையாகக் குடியிருந்தவருக்கே விற்றது என்று எழுதியிருக்கிறது. விற்றவர் பேர், என்னைப் பெற்ற ஐயா. அவர் சந்தி வளவை, அந்த வீட்டுக் காணியை, விற்றது தெரியும். யாருக்கு என்று வீட்டில் வாய் திறந்ததே இல்லை.

கடைசிப் படம்: மரணசாசனம். ஐந்து தலைமுறைக்கு முந்தின சந்தியாப்பிள்ளை, எங்கட வம்சத்தில் எல்லாரும் பெருமையாய்ச் சொல்லுகிற ஆள், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். முதலில் கண் போனது நான் தேடியதற்குத்தான். இருக்கிறது, சாதி எழுதியே இருக்கிறது. அம்பிட்டுது என்று நினைத்தேன். உண்மையாய் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு முழு வரியையும் வாசித்தேன். கொப்பியில் எழுதுகிறேன், அந்தச் சாதிப் பேரை மட்டும் விட்டு, மறக்காமல் இருக்க:

"சந்தி வளவும் அதிலுள்ள கல்வீடும், கிணற்றில் அரைப்பங்கும், தென்னை பதினாறும், கறவைப் பசு மூன்றும், மேற்படி வளவிற் குடியிருக்கும் வள்ளி என்பவளும், அவள் வயிற்றிற் பிறந்ததும் இனிப் பிறப்பதுமான பிள்ளைகளும் என் மகள் மரியாளுக்குச் சீதனமாக."

இனிப் பிறப்பதும்.

பசுவுக்குப் பிறகு.

வெளியே ஆரோ "அண்ணை, பிட்டு மா எங்க?" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவும் அந்த வரியையே வாசித்தேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

ரீட்டாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போகத் தவறிவிட்டது, போன வெள்ளியும் மறந்து இந்த வெள்ளியும். ஏச்சு.

சூசை எடுத்தான். சந்தோசம். "அண்ணை, பிடி கிடைச்சிட்டுது பாத்தியளே? இதை அவையளுக்கு அனுப்பிவிடுங்கோ. தாங்களாவே விலகுவினம்."

நான் கத்தினேன். அவன் பயந்துபோய், "நீங்கள்தானே எடுக்கச் சொன்னனீங்கள்?" என்றான். சரிதானே.

அதை விடப் பெரிய வில்லங்கம் பிறகுதான். ரீட்டா அவனிடம் வம்சம் தேடுகிறோம் என்று சொல்லியிருக்கிறாள். அவன் மரணசாசனத்தைக் குடும்பக் குறூப்பிலும் போட்டுவிட்டான். கனடா, லண்டன், எல்லாரும் பார்த்தாயிற்று. பூ, இதயம், கைகூப்பு. "எங்கட பூட்டனுக்கு எவ்வளவு சொத்து!" "தென்னை மட்டும் பதினாறு!" "பரம்பரை எண்டால் இதுதான்." ஒருவர்கூட அந்த வரியைப் பற்றி எழுதவில்லை. வாசிக்கவில்லையா, வாசித்தும் கண் நிற்கவில்லையா?

நிரோவும் குறூப்பில் இருக்கிறாள். பழைய கையெழுத்து அவளுக்கு வாசிக்க வராது. எனக்குத் தனியாக எழுதியிருந்தாள்: "அப்பா, இவ்வளவு வடிவான விசயம் செய்யிறீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. ஞாயிறு விபோர்க்கில டெனிஸ் வீட்டை போகேக்க பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாறன். எல்லாருக்கும் முன்னால நீங்கள் வாசிக்க வேணும்."

பெப்ரவரி 15, ஞாயிறு

விபோர்க் போய் வந்தோம். வழி முழுக்கத் தூறல். பின்சீற்றில் பிள்ளை, மடியில் கடதாசி, கண்ணாடிச் சட்டம் போட்டு.

ம.தாஸ் வீடு சின்னது, சுத்தம். தலை முழுக்க நரை. தொழிற்சாலையில் இன்னும் இரண்டு வருசம் இருக்கிறதாம். வாசலுக்கு வந்து கையைப் பிடித்தான். "வாங்கோ அண்ணை. கனகாலம்."

ரீட்டா சிரித்துக்கொண்டு, "இனி ரெண்டு குடும்பமும் ஒண்டாப் படுக்கேக்க உங்கட குறட்டையைத்தான் யோசிக்கிறம்" என்றாள். ம.தாஸின் மனிசி தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: "முப்பது வருசம் பக்கத்தில படுக்கிறன் அக்கா. இவர் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. ஆர் இந்தக் கதையைக் கட்டினதோ!"

எல்லாரும் சிரித்தார்கள். ம.தாஸ் எனக்குப் பக்கத்திலிருந்த தட்டில் இன்னொரு வடை வைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. நிரோ சட்டத்தைக் கையில் தந்தாள். டெனிஸ் போனில் வீடியோ எடுக்கிறான். வாசித்தேன். வளவு. கல்வீடு. கிணறு. தென்னை பதினாறு. பசு மூன்று.

அங்கே நிறுத்தினேன்.

"பிறகு அப்பா?"

"இதில எழுத்து மங்கிப்போச்சு பிள்ளை."

பொய். கறுப்பு மையில் பளிச்சென்று கிடக்கிறது. ம.தாஸ் எழும்பி வந்து, கண்ணாடி போட்டு, என் தோளுக்கு மேலால் பார்த்தான். அவன் வாசிக்கிறான் என்பது மூச்சில் தெரிந்தது. "ஓம்," என்றான், "பழைய மை. வாசிக்கேலாது." சட்டத்தை என் கையிலிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தான்.

வெளிக்கிடும்போது அவனும் நானும் மட்டும் காருக்குப் பக்கத்தில். மற்றவர்கள் உள்ளே சப்பாத்துப் போடுகிறார்கள்.

"மரியதாஸ், நான்..."

"அண்ணை, அதின்ர நகல் என்னட்ட இருக்கு. அப்பா அந்தக் காணியை வாங்கேக்க உங்கட ஐயாட்டக் கேட்டு வாங்கினவர். காணி வேண்டாட்டிலும் பரவாயில்லை, அது வேணும் எண்டு நிண்டவராம்."

"அதை ஏன் வச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன். அறிவில்லாத கேள்வி.

"வள்ளின்ர பேர் வேற ஒரு இடத்திலயும் எழுதிக் கிடக்கேல்லை அண்ணை. எங்களுக்கு அந்த ஒரு வரிதான்."

நிரோ ஓடி வந்தாள். மழைக்கோட்டு, சிரிப்பு. ஏறினோம். திரும்பி வரும்போது ஒருவரும் கேட்காமலே நான் தலையிடி என்று சொன்னேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

வியாபாரம் மந்தம். அரிசி மட்டும் போகிறது.

பென்ட் அந்த ஹன்னாவின் பிள்ளைகளைத் தேடத் தொடங்கிவிட்டாராம். தன் கிளையை விட்டுவிட்டு. அமெரிக்காவில் ஒரு பெண் பதில் எழுதியிருக்கிறாளாம். போன கிழமை அவரிடம் "விடுங்கோ" என்று சொன்னது ஞாபகம் வந்து, மிளகாய்ப் பையைக் கட்டத் தெரியாமல் மூன்று தரம் கட்டினேன்.

குறூப்பில் இன்னும் இதயங்கள்.

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

சாம்பல் பூசின கையோடு ஓகுஸுக்குக் கார் ஓடினேன். ரீட்டாவுக்குச் சரக்கு எடுக்க என்று சொன்னேன். இன்னொரு பொய், ஆனால் வந்து திருத்திவிட்டேன்.

நிரோவுக்கு இடைவேளை அரை மணி. ஆஸ்பத்திரிக் கார்ப் பார்க்கில், காருக்குள். படத்தை எடுத்து முழுக்க வாசித்தேன். வள்ளி என்பவளும். பிறந்ததும். இனிப் பிறப்பதும். சொல்லுக்குச் சொல் கருத்துச் சொன்னேன், சீதனம் என்றதுக்கும் சொன்னேன்.

முன் கண்ணாடியைப் பார்த்தபடி டெனிஷில் கேட்டாள்: டெனிஸின் வீட்டுக்குத் தெரியுமா?

"ஓம். அவையின்ர ஆள்தான் வள்ளி."

அப்போ அன்றைக்கு மாமாவும் மங்கிப்போச்சு என்றாரே?

"எனக்காக."

பிறகு தமிழில்: "அப்பா, நீங்கள் இதை ஏன் எடுப்பிச்சனீங்கள்?"

ஒரு பொய் தயாராக இருந்தது. கடைக்காரனுக்கு எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். சூசை, ரீட்டாவுக்குக் காட்ட நினைத்தது, அம்பிட்டுது என்று நினைத்தது. முகாம், கஞ்சி, அறை மாற்றினது, மூக்கால் சத்தம் போட்டுக் காட்டினது. எல்லாம்.

குறட்டை மாமா என்று அவருக்கு நேரேயே நான் கூப்பிட்டிருக்கிறேனே, என்றாள். அது மட்டும்தான் அழுதபடி சொன்னது. கதவைத் திறந்தாள். "நானே போன் எடுக்கிறன். நீங்கள் எடுக்க வேண்டாம்."

அவளுடைய வேலைச் சட்டை வெள்ளை. கதவுக்குள் போகும் வரை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ரீட்டாவுக்கும் சொன்னேன். சோறு போட்டாள். எனக்கு மட்டும்.

பெப்ரவரி 19, வியாழன்

குறூப்பில் அந்த வரியைத் தட்டச்சு செய்து போட்டேன், வாசிக்காதவர்களும் வாசிக்க. கீழே எழுதியது: இது எங்கட வம்சம். லண்டன் பெரியம்மாவின் மகன், "இதெல்லாம் இப்ப என்னத்துக்கு அண்ணை?" என்றான். இரண்டு பேர் வெளியேறினார்கள். சூசை பேசாமல் இருக்கிறான்.

நிரோ எடுக்கவில்லை.

பெப்ரவரி 20, வெள்ளி

கண் டொக்டர் ஒருவழியாய் முடிந்தது. ரீட்டாவுக்குப் புதுக் கண்ணாடி.

எடுக்கவில்லை.

பெப்ரவரி 21, சனி

வெளிச்சமான நாள், காற்று மட்டும். கூட்டம். வாழைக்காய் பத்து மணிக்கே முடிந்தது.

இரண்டு மணிபோல் ரீட்டாவின் போன் அடித்தது. நிரோ. ஓகஸ்ட் கலியாணம், விபோர்க் கோயில். ரீட்டா கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து என் முகத்துக்கு முன்னால் போனைப் பிடித்தபடி, "அவள் கேக்கிறாள், அப்பா வாறாரோ எண்டு."

விருந்துக்காரரைக் கேட்கிற மாதிரி.

ஓம் என்று வாயில் வந்தது. என்ர பிள்ளையின் கலியாணம். விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "மரியதாஸிட்டக் கேட்டுத்தான் சொல்ல வேணும் எண்டு சொல்லு."

ரீட்டா அப்படியே சொன்னாள். சாமான் தூக்கி நின்ற சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு நிரோவின் குரல், வெளியே கேட்டது: "அப்ப கேக்கச் சொல்லுங்கோ."

மரியதாஸின் நம்பர் இருக்கிறது. கடை பூட்டினதும் எடுப்போம் என்று நினைத்தேன். சனிக்கிழமை ஆறு மணி வரை திறப்பது. நாலு மணிக்கே பூட்டிவிட்டேன்.