சிவப்புப் பொடி வேண்டாம்

கொத்தனார் சோணை சிமிண்டோடு கலக்கச் சிவப்புப் பொடியைப் பிரித்ததும் சௌந்தரம் குறுக்கே வந்து நின்றாள். கூடத்துக்குச் சாம்பல் நிறத் தரைதான் என்று அவளும் கணவன் விருமாண்டியும் பேசி முடித்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருதான் செவப்பு கேட்டாரு தாயி," என்றார் சோணை. "அவுக அண்ணன் வெத்தல எச்சி துப்புனாலும் வெளிய தெரியாதாம்."

கணவனின் அண்ணன் வந்துபோகும் போதெல்லாம் மண்தரையில் காய்ந்துபோன எச்சிலைச் சுரண்டியது சௌந்தரம்தான். துப்ப வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லச் சொன்னால், வீட்டுக்காரர் அதை மறைக்க வழி பார்த்திருக்கிறார்.

"பொடியக் கட்டி வைங்கண்ணே. வெறும் சிமிண்டே போடுங்க."

தரை பூசி முடிந்ததும் திருமங்கலத்தில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். வேலைக்குப் போயிருந்த கணவனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கதவில் செருகினாள்.

"தரை ஈரமா இருக்கு, உள்ள போகாதீக. சாவியும் சோறும் பக்கத்து வீட்டு முத்துத்தாய் அக்காகிட்ட இருக்கு. கருவாட்டுக் குழம்பச் சுட வச்சுச் சாப்பிடுங்க. செவப்பு வேண்டாம்னு சொன்னது நான்தான். எச்சி மேல எல வச்சு உங்களுக்குச் சோறு போட என்னால ஆகாது. துப்புனா நல்லாத் தெரியட்டும். நான் இனிமே தொடைக்க மாட்டேன்."

அப்போதும் மனம் ஆறவில்லை. சீட்டை உருவி, அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"அண்ணன்கிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தா நீங்களே தொடைச்சுக்கங்க. சொல்லிட்டீகன்னா வந்து கூப்பிடுங்க, அன்னைக்கே வாரேன்."