நாலு சிலிண்டர் ஏறிய மேடு

என்னங்க,

பிக்கப் வாங்கிய அன்று ஷோரூம் வாசலிலேயே சிரித்தீர்கள். "நாலு சிலிண்டரா? காலி வண்டியா ஊர் சுத்தலாம். லோடு ஏத்தினா மேட்டுல மூச்சு வாங்கும்" என்றீர்கள். பதில் சொல்ல இன்றுதான் நேரம் கிடைத்தது.

நேற்று என் சலவைக் கடையைக் காலி செய்தேன். பெரிய வாஷிங் மெஷின் இரண்டையும் கேபினை ஒட்டி நிறுத்தி, இறுக்கிக் கட்டினேன். பின்னால் பீரோ, பாத்திர மூட்டை. ஆஸ்பத்திரி மேட்டில் இரண்டாவது கியரில் மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் எங்கேயும் திணறவில்லை. டர்போ டீசல் எஞ்சினை அவசரப்படுத்தாமல் ஓட்டினால் நாலு சிலிண்டரே போதும். பின்னால் வந்த பஸ்காரர்தான் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார். மேட்டுக்கு மேலேதான் இனி கடையும் வீடும்.

பழைய வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. உங்கள் சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துப் போங்கள். நீங்கள் போயிருக்கும் இடத்தில் துவைப்பவரிடம் வெள்ளையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா வாசலுக்கு வந்தார்.

"என் கட்டிலுக்கு இடம் இருக்கா?"

"அத்தை, லோடு ஏற்கெனவே அதிகம்."

"நாலு சிலிண்டர் தாராளமா இழுக்கும்டி. நீ தூக்கு" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இழுத்தது. நீங்கள் இப்போது இருக்கும் வீட்டின் விலாசத்தையும் வழியில் அவர்தான் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்