இளக்கிக் கொடுத்த சப்பாத்து

பலெர்மோ,
06.02.1998

அன்புள்ள குகனேஸ்வரிக்கு,

நான் நல்ல சுகம். உமது இருமல் விட்டதா? மாமி நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா?

இங்கே ஒரு சின்ன விசயம், பயப்பட ஒன்றுமில்லை. என் முதலாளி ஆபிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலை ஏறப் போயிருக்கிறார். உச்சியில் பனி உறைந்து கிடக்குமாம். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு கால் என்பதால், புதுச் சப்பாத்தை ஒரு மாதம் போட்டு நடந்து இளக்கித் தரச் சொன்னார். ஒரு ஞாயிறு எங்கள் ஆட்கள் புனித ரொசாலியா கோயில் மலைக்கு வெறுங்காலோடு ஏற, நான் மட்டும் அந்தச் சப்பாத்தோடு ஏறினேன். பாதி வழியில் கல் தடக்கி, வலது சப்பாத்தின் அடி முன்பக்கம் கழன்றுவிட்டது. வுச்சீரியாச் சந்தையில் பசை வாங்கி ஒட்டி, மினுக்கி, ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டேன்.

என் அறையில் இருக்கும் அருளையா அண்ணை, "இப்ப சொல்லி என்ன செய்யப் போறீர்? மலையிலை சப்பாத்துக் கடையே கிடக்கு? பேசாமல் இரும்" என்கிறார்.

மலையிறங்கி, செவ்வாய்க்கிழமை போன் எடுப்பதாகச் சொன்னவர். இன்று வெள்ளி. அவரது மனைவி சிஞ்ஞோரா போனடியை விட்டு எழும்புவதில்லை. மணி அடித்தால் நான் கழுவுகிற கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மிளகாய்த்தூள் அனுப்ப மறந்தாலும் பரவாயில்லை. பிள்ளையார் கோயிலில் அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்வியும். பெயர் சல்வத்தோரே. இக்கடிதம் வந்துசேர மூன்று கிழமை ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். என்றாலும் செய்வியும்.

சிஞ்ஞோரா கூப்பிடுகிறா, முடிக்கிறேன். ஐயர் நட்சத்திரம் கேட்டால் என்னுடையதைச் சொல்லும். அந்தச் சப்பாத்துக்குள் முதலில் இருந்தவை என் கால்கள்தானே.

உமது,
விக்னராஜா